ரிக்கட்டில் எழுதப்படும் முதல் வரி

(குருக்கள்மடத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



நிற்கிறவர்கள் முதலில் உட்காருங்கள். பகல் முழுக்கக் கல்லும் சீமெந்தும் சுமந்த தோள்கள் உங்களுடையவை. என் பேச்சையும் நின்றுகொண்டே சுமக்க வேண்டாம்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இது: வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவரின் வைத்தியச் செலவு யார் பொறுப்பு? அந்தச் செலவைக் கேட்டு எழும் வழக்குகள் ஏன் தோற்கின்றன? சட்டப் பேச்சு என்றதும் சிலருக்குக் கொட்டாவி வருவது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கூட்டத்தில் கைவிரல் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். குதிக்கால் நொந்து நொந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சட்டப் பேச்சு அல்ல, சோற்றுப் பேச்சு.

வழக்கு எங்கே தொடங்குகிறது? நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் செயலகத்திலா? நட்டஈட்டு ஆணையாளரின் மேசையிலா? சட்டத்தரணியின் கந்தோரிலா? இல்லை. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில், காயத்தோடு கொண்டுவந்து கிடத்தியவரைப் பார்த்து டொக்டர் "என்ன நடந்தது?" என்று கேட்கிறாரே, அங்கேதான் தொடங்குகிறது. நம் பகுதியில் பெரும்பாலும் முடிவதும் அங்கேதான்.

ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். மேசன் கையாள். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் மாடி வீடொன்றில் பூச்சு வேலை. சாரம் கட்டிய கம்பு வழுக்குகிறது. விழுந்தவர் காலை ஊன்றிக் கையையும் ஊன்றுகிறார். மணிக்கட்டு முறிகிறது, குதிக்கால் எலும்பு நொறுங்குகிறது. உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு வழமையாக உடைகிற இடங்கள் அவை. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. கூடவே வேலை கொடுத்த பாஸும் ஏறுகிறார். அவர் வேறு யாருமல்ல, மனைவியின் தாய்மாமன். வழியில் சொல்கிறார்: "மருமகன், டொக்டர் கேட்டா வீட்டு மாமரத்தால விழுந்த எண்டு சொல்லுங்க. வேலையில எண்டு சொன்னா பொலிசு, கோடு எண்டு ரெண்டு பேரும் அலைய வேணும். செலவெல்லாம் நான் பாக்கிறன், நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க."

மாமா சொன்னால் மருமகன் மறுப்பாரா? வலியில் துடிக்கிறவர் கணக்குப் பார்ப்பாரா? "மரத்தால விழுந்துட்டன்" என்கிறார். டொக்டர் அதையே ரிக்கட்டில், அந்த நோயாளிச் சீட்டில், ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதுகிறார். கையெழுத்து விழுகிறது. சத்திரசிகிச்சை முடிந்து, சில நாளில் ரிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வரியும் கூடவே வீட்டுக்கு வருகிறது.

முதல் மாதம் மாமா காசு கொண்டுவருகிறார். இரண்டாம் மாதம் பாதி கொண்டுவருகிறார். மூன்றாம் மாதம் தொலைபேசி வேலை செய்வதில்லை. மாமா கெட்டவரா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் அவருக்குக் கடைசித் தவணை கொடுக்கவில்லை. அவரே வட்டிக்கு வாங்கித்தான் முதல் மாதச் செலவைக் கொடுத்தார். ஒரு காப்புறுதி தாங்க வேண்டிய சுமையை ஓர் ஏழை மாமா தலையில் வைத்திருக்கிறோம்.

பிறகு யாரோ சொல்லி நட்டஈடு கேட்கிறார் இளைஞர். விசாரணையில் எதிர்த்தரப்பு ஒரேயொரு கடதாசியைத்தான் காட்டுகிறது. "மரத்தால் விழுந்ததாக இவரே சொல்லியிருக்கிறார்." கூட வேலை செய்தவர்கள் சாட்சிக்கு வருவார்களா? அவர்கள் இன்றைக்கும் அதே பாஸிடம்தான் வேலை செய்கிறார்கள். வழக்கு முடிந்தது. சட்டம் அவரைத் தோற்கடிக்கவில்லை. முதல் வரி தோற்கடித்தது.

சட்டம் தொழிலாளிக்கு எவ்வளவு தூரம் இறங்கி வரும் என்பதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். இங்கிலாந்தில், 1910இல், பிரபுக்கள் சபை தீர்த்த குளோவர் கிளேட்டன் வழக்கு. ஹியூஸ் என்ற தொழிலாளி. இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய் வீங்கி, மெலிந்து, எந்த நேரமும் வெடிக்கும் நிலையில் இருந்தது. தூக்கத்தில்கூட வெடித்திருக்கலாம் என்பது வைத்தியர்களின் கருத்து. அவர் ஸ்பானரால் ஒரு சுரையை இறுக்கினார். வழமையான வேலைதான், பெரிய பலம் தேவையில்லை. குழாய் வெடித்தது, இறந்துபோனார். முதலாளி சொன்னார்: "இது நோய், விபத்தல்ல." நீதிபதிகள் கேட்டார்கள்: அந்த நேரத்தில் அது வெடிப்பதற்கு அந்த வேலை காரணமா, இல்லையா? வேலைதான் காரணம் என்று பெரும்பான்மை தீர்ப்புச் சொல்லியது. நட்டஈடு கிடைத்தது.

பார்த்தீர்களா? நோயாளியாகவே வேலைக்குப் போனவருக்கும் சட்டம் கைகொடுத்தது. ஏன்? வேலைத்தலத்தில் நடந்தது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நம் இளைஞருக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. முறிந்த எலும்பு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் தோற்றார்.

இனி நம்முடைய சட்டத்துக்கு வருகிறேன். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அப்போது அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? ஹட்டன் தொகுதியின் உறுப்பினர் பெரி. சுந்தரம். மலையகத் தமிழர். இந்த நாட்டில் அடிபட்ட தொழிலாளிக்கு நட்டஈடு என்ற உரிமை ஒரு தமிழ் அமைச்சரின் காலத்தில் எழுதப்பட்டது. நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அந்தச் சட்டத்தின் பெரிய காரியம் ஒன்று. முதலாளியின் பிழையைத் தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்றால் போதும். சொந்தக் கவனக்குறைவால் கை நழுவியிருந்தாலும் உரிமை உண்டு. "அவர் குடித்திருந்தார்" என்று சொல்லித் தப்ப நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது, அந்தக் குடியே விபத்துக்கு நேர்க் காரணம் என்று காட்ட வேண்டும். "எனக்கு நட்டஈடு வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கிய கடதாசியும் செல்லாது. நம் ஊரில் அப்படி எழுதி வாங்குகிற பழக்கம் இருக்கிறது. அந்தக் கடதாசியைக் கண்டு பயப்படாதீர்கள்.

இவ்வளவு நல்ல சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. நட்டஈட்டுக் கணக்கு இரண்டையே பார்க்கிறது: உங்கள் சம்பளம் எவ்வளவு, உங்கள் உடம்பில் எத்தனை வீதம் குறைந்துபோனது. வைத்தியத்துக்கு நீங்கள் செலவழித்த காசு அந்தக் கணக்கில் தனி உரிமையாக இல்லை.

ஏன் இல்லை? இதற்கு ஒரு வரலாறு உண்டு. தொழிலாளர் நட்டஈடு உலகத்தில் இரண்டு வழியில் பிறந்தது. ஒன்று ஜேர்மனி வழி. பிஸ்மார்க் காலத்தில் 1883இல் நோய்க் காப்புறுதிச் சட்டம், 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம். இரண்டும் சேர்ந்து அடிபட்டவரின் வைத்தியத்தையும் தாங்கின. மற்றது பிரித்தானிய வழி. 1897ஆம் ஆண்டுச் சட்டம். அது போன சம்பளத்தை ஈடுசெய்யப் பார்த்தது, வைத்தியத்தை அவரவர் பாட்டுக்கு விட்டது. பிரித்தானியச் சட்டத்தின் பிள்ளை இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம். அதன் தம்பி நம்முடைய 1934. 1925இலேயே சர்வதேச தொழில் அமைப்பு தன் 17ஆம் இலக்க உடன்படிக்கையில் எழுதிவைத்தது: அடிபட்டவருக்கு வைத்தியமும், சத்திரசிகிச்சையும், மருந்தும் கிடைக்க வேண்டும், செயற்கை அவயவமும் கிடைக்க வேண்டும். நம் சட்டம் எழுதப்படுவதற்கு ஒன்பது வருடம் முந்திய பேச்சு அது.

"இலவச வைத்தியசாலை இருக்கிறதே, பிறகென்ன?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இந்த நாட்டின் இலவச வைத்தியத்தை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். அது இல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இருக்கமாட்டோம். ஆனால் வைத்தியசாலை வாசலுக்கு வெளியே என்ன நடக்கிறது? எலும்புக்குள் வைக்கும் தகடும் ஆணியும் கையிருப்பில் இல்லையென்றால் வெளியில் வாங்கித் தரச் சொல்கிறார்கள். ஸ்கேனுக்குத் திகதி தள்ளிப் போனால் தனியாரிடம் ஓடுகிறோம். கிளினிக் நாளில் கால் மடக்க முடியாதவர் பஸ்ஸில் ஏற முடியாது, வான் பிடிக்க வேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். துணைக்கு நிற்கிற மனைவி தன் கூலியையும் இழக்கிறாள். நகை அடகுக் கடைக்குப் போகிறது. இவையெல்லாம் வைத்தியச் செலவு இல்லையா? இந்தத் துண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. வைத்தியசாலையில் தங்கினால் செலவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாதச் சம்பளத்தில் இருக்கிறவருக்கு ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சில உதவிகள் உண்டு. அந்தக் கந்தோர்களைக் கட்டிய மேசனுக்கு? சூடடிக்கிற மெசினில் கை கொடுத்தவருக்கு? செங்கல் சூளையில் வெந்தவருக்கு? நெல் ஆலையின் பெல்ட்டில் சிக்கியவருக்கு?

அண்ணன் வீட்டில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இந்தியா 1948இல் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள், அந்த நிதியில் தனி மருத்துவமனைகள் நடக்கின்றன. அதற்குள் வராத தொழிலாளிக்காக 2009இல் பழைய நட்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலையில் பட்ட காயத்துக்கான உண்மையான வைத்தியச் செலவை முதலாளி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சிறு பிரிவு. இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் முன்பே இருந்தது: முதலாளி வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை நட்டஈட்டில் கழிக்கக்கூடாது. நம் ஊரில் இதுதானே சண்டை? "நான்தானே ஆஸ்பத்திரிக்குக் காசு தந்தேன், இனி என்ன நட்டஈடு?" மருந்துக்குக் கொடுத்த காசு வேறு, போன விரலுக்குக் கொடுக்கும் காசு வேறு. அதை அவர்கள் எழுத்தில் பிரித்து வைத்தார்கள்.

அடுத்த சண்டை வீதத்தைப் பற்றியது. உடம்பின் உறுப்புகளுக்குச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. இன்ன உறுப்பு போனால் இத்தனை வீதம். இந்தியச் சட்டத்தில் பெருவிரல் முழுதும் போனால் 30 வீதம், சுட்டுவிரல் போனால் 14 வீதம். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு டொக்டர் மதிப்பிட வேண்டும். ஒரு டொக்டர் ஒன்று சொல்வார், காப்புறுதிக் கம்பனியின் டொக்டர் வேறொன்று சொல்வார். நான் கேட்கிறேன்: பெருவிரல் இல்லாத எழுதுவினைஞரும் பெருவிரல் இல்லாத மீனவரும் ஒன்றா? வாவியில் வீச்சுவலை எறிகிறவரின் பெருவிரலை நினைத்துப் பாருங்கள். வலை அந்த விரலில்தான் தொங்குகிறது. அவருக்கு அது முப்பது வீதமா? அவருக்கு அது முழுத் தொழில். அட்டவணை விரலை அளக்கிறது, பிழைப்பை அளப்பதில்லை. ஆகவே விசாரணையில் டொக்டரின் வீதத்தை மட்டும் நீட்டிவிட்டு இருக்காதீர்கள். அந்தக் கையால் என்ன தொழில் செய்தீர்கள், இப்போது எது முடியவில்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இது நம் ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அடிபட்ட தொழிலாளிக்கு வைத்தியம் முழு உரிமை. ஆனாலும் சண்டை ஓயவில்லை. டொக்டர் ஒரு சத்திரசிகிச்சை வேண்டும் என்கிறார், காப்புறுதிக்காரர் தேவையில்லை என்கிறார். 2013 முதல் அப்படிப்பட்ட பிணக்குகளை வெளி வைத்தியர் ஒருவர் தீர்க்கிறார். அவர் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. கடதாசிகளை மட்டும் பார்க்கிறார். அவர் பெயரும் வெளியில் சொல்லப்படுவதில்லை. பணக்கார நாட்டிலும் கடைசியில் பேசுவது கடதாசிதான்!

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? இந்த ஊரில் இது பெரிய கேள்வி. விடியற்காலையில் பாதைப் படகேறி வாவி கடந்து அக்கரைக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். கல்முனைப் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போகிறவர்களும் இருக்கிறீர்கள், அது வேறு பேச்சு. இந்தியாவில் பிரான்சிஸ் டி கோஸ்டா வழக்கு என்று ஒன்று. 1971 ஜூன் 26. மாலை 4.30க்கு முறை தொடங்க வேண்டிய தொழிலாளி 4.15க்குச் சைக்கிளில் போகிறார். தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கையில் லொறி மோதிக் காறை எலும்பு முறிகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 1996இல் முடிவு வந்தது: இது வேலைக் காயம் அல்ல. கால் மணித்தியாலத்துக்கும் ஒரு கிலோமீற்றருக்கும் இருபத்தைந்து வருட வழக்கு! பிற்பாடு பாராளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போய்வரும் வழியையும் சேர்த்தது.

நம் நாட்டிலும் 2022இல் அந்தத் திருத்தம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துக்கும் நட்டஈடு கேட்கலாம். அதே திருத்தம் உச்ச நட்டஈட்டை 5,50,000 ரூபாவிலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது. இந்தச் செய்தி வாவிக்கு அப்பால் படுவான்கரையில் எத்தனை வீட்டுக்கு வந்து சேர்ந்தது? கையுயர்த்திக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கே பயமாக இருக்கிறது.

உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதுமா? நட்டஈட்டைத் தீர்மானிக்கும் ஆணையாளர் கொழும்பில். இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வெளி மாவட்டங்களிலும் விசாரணை நடத்துவதுண்டு, ஆனால் அந்தத் திகதி வரும்வரை ஊன்றுகோலோடு காத்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லை. வேலைக்குச் சேர்ந்ததற்கு எழுத்து இல்லை. "நான் ஆள் வைக்கவில்லை, கொந்தராத்துக் கொடுத்தேன்" என்பார் வீட்டுக்காரர். "எனக்கும் அவருக்கும் தினக்கூலிப் பழக்கம் மட்டும்தான்" என்பார் பாஸ். முதலாளியே இல்லாத வேலையில் தொழிலாளி மட்டும் எப்படி அடிபட்டார்?

ஆகவே சகோதரர்களே, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அடிபட்டால் டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எந்த இடம், எந்த நேரம், யாருடைய வேலை, எப்படி விழுந்தீர்கள். வலியில் பேச முடியாவிட்டால் கூடப் போகிறவர் சொல்லட்டும். வேலைத்தலம் என்று ரிக்கட்டில் எழுதப்பட்டதா என்று அன்றைக்கே படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். மாமாவாக இருந்தாலும் சரி, மச்சானாக இருந்தாலும் சரி, இந்த விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டுமென்றால் தயங்காமல் போங்கள். முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாமசித் துண்டு, வான்காரர் எழுதித் தந்த சிட்டை, ஸ்கேன் பில் எதையும் எறியாதீர்கள். வீட்டில் பழைய கலண்டர் தொங்கும் ஆணியிலாவது குத்தி வையுங்கள். மட்டக்களப்பில் தொழில் அலுவலகம் இருக்கிறது, அங்கே ஒரு தடவை போய் வாருங்கள். தொழிற்சாலையிலோ ஆலையிலோ அடிபட்டு மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாவிட்டால் அந்த விபத்தை அறிவிப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி முதலாளியின் கடமை. அவர் அறிவித்தாரா என்று கேளுங்கள்.

பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எதிரிகள் அல்ல. ஒரு விபத்து நடந்தால் உங்கள் வீடும் அடகுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி என்று ஒன்று விற்கிறார்கள். வீடு கட்டும் மதிப்பீட்டில் கல், மணல், சீமெந்து, கம்பி என்று எழுதும்போது காப்புறுதிக் கட்டணத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். ஓடு போடக் காசு இருக்கிறவருக்கு, ஓட்டிலிருந்து விழுகிறவருக்காகவும் கொஞ்சம் காசு இருக்க வேண்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வேலையில் பட்ட காயத்துக்கான வைத்தியச் செலவையும் பயணச் செலவையும் நட்டஈட்டுச் சட்டத்தில் தனி உரிமையாக எழுத வேண்டும். முதலாளி வைத்தியத்துக்குக் கொடுத்ததை நட்டஈட்டில் கழிக்கக்கூடாது என்று எழுத வேண்டும். விசாரணைகளை மட்டக்களப்பிலேயே ஒழுங்காக, தமிழில் நடத்த வேண்டும். தினக்கூலிக்காரருக்கும் சிறு கொந்தராத்துக்காரருக்கும் சேர்த்து ஒரு காப்புறுதி நிதி வேண்டும். அயல் நாட்டில் 1948இலேயே தொடங்கிய காரியம் இன்று நமக்கு முடியாதா?

இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன் இவற்றைக் கேட்டு ஒரு மனு எழுதத் தொடங்குங்கள். பிரதேச செயலகத்துக்கும், தொழில் திணைக்களத்துக்கும், நம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அது போகட்டும். அதில் முதல் கையெழுத்து அடிபட்டவர்களுடையதாக இருக்க வேண்டாம். அவர்கள் இவ்வளவு காலமும் தனியாகக் கேட்டுக் களைத்துப்போனவர்கள். பாஸ்மாரே, முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.